பூஜைக்கு வராத சிலிண்டர்

எழுந்திரிக்க மாட்டேன் என்று லோகநாயகி வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. எதிரே பூச்சு காணாத புதுச்சுவர், கூரையைத் தாங்க வந்த இரும்பு உத்தரம், அந்த உத்தரத்தைத் தூணோடு சேர்த்து நாச்சிமுத்து இப்போதுதான் வெல்டிங் வைத்துவிட்டுப் போன மூலை, அவ்வளவுதான். வெல்டிங் வைத்த இடம் செக்கச்செவேலென்று இருந்து, பிறகு கறுத்து, இப்போது ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. அதைத்தான் அவள் பார்க்க வேண்டும். வெல்டிங் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தீக்காவல் என்று மில்லில் அதற்குப் பெயர். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று இன்னொரு பெயரும் உண்டு. அந்த இரண்டாவது பெயரைச் சொல்கிறவர்களை இந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், கால் மணி நேரத்தில் கொட்டாவி விடுவார்கள், அரை மணியில் போனை எடுப்பார்கள், அப்புறம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன லேசான காரியமா? அதிலும் இன்றைக்கு மில்லில் சத்தமே இல்லை. ஆயுத பூஜை. வருஷம் முழுக்க ராப்பகலாக ஓடுகிற நூல் மெஷின்கள் இந்த ஒரு நாள்தான் நிற்கும். நிற்கிற நாளில்தான் புதுக் கட்டடத்து வேலையைப் பழைய சுவரோடு சேர்க்க முடியும் என்று வெல்டிங்கையும் இன்றைக்கே வைத்துக்கொண்டார்கள். பழைய சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுப் பஞ்சு அறை. உத்தரத்தின் முனை சுவரைத் துளைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகிறது. துளையைச் சுற்றிச் சிமெண்ட் இன்னும் வைக்கவில்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான் நாச்சிமுத்து. அவனுக்கு அவசரம். அவனுடைய வெல்டிங் மெஷினும் பூஜைக்குப் போக வேண்டுமே.

எல்லாமே பூஜைக்குப் போயிற்று, அதுதான் விஷயம். பராமரிப்பு ஃபோர்மேன் குழந்தைவேலு அண்ணன் காலையிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மில்லில் இருக்கிற ஆயுதம் ஒன்றுவிடாமல் அம்மன் முன்னால் இருக்கோணும் என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர், சுத்தியல், துளை போடும் மெஷின், லாரிச் சாவி எல்லாம் போன வருஷமும் போனவைதான். இந்த வருஷம் அவருக்குப் புதுசாக ஒரு யோசனை தோன்றியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர்களை எல்லாம் இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்துக்குச் செவ்வந்திச் சரம் சுற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்துவிட்டார். மணல் நிரப்பிய சிவப்பு வாளிகளையும் கொண்டுபோய் ஊதுபத்தி செருக வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, புதுப்பெண்கள் வரிசையில் நிற்கிற மாதிரி. லோகநாயகிக்கே அதைப் பார்த்ததும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. நம் உயிரைக் காப்பதையும் கும்பிடுகிறார்களே என்று மனசு நிறைந்துதான் போயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. தொடாமல் இருப்பதுதான் மரியாதை. நாச்சிமுத்து முகமூடியைக் கழற்றி, வயரைச் சுருட்டி, வரேனுங்க்கா என்று கிளம்பின பிறகுதான் அவள் காலடியைப் பார்த்தாள். காலடியில் ஒன்றும் இல்லை. மில் முழுக்கப் பஞ்சு, சுவரில் இப்போதுதான் தீப்பொறி கொட்டியிருக்கிறது, தீயை அணைக்கிற சாமான் அத்தனையும் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தர்கூடவா இதை யோசிக்கவில்லை, நானும்தானே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. போனாள். வரிசையின் ஓரத்தில் இருந்த ஒன்றைச் சரத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பூவை மட்டும் கழற்றவில்லை. அதற்கு மனசு வரவில்லை.

தெய்வக் குத்தமா? இருக்கலாம். அம்மா சரஸ்வதி, உனக்கு வேண்டுமானால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ, நான் கொண்டுவந்து வைக்க மாட்டேன். இப்படிச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கையை இறக்காமலேயே மறுபடியும் சொன்னாள், வைக்க மாட்டேன். கண் மட்டும் மூலையை விட்டு நகரவில்லை. துளைக்குப் பக்கத்தில் ஒரு சிலந்தி ஓடியது. அது சிலந்திதானா, கரித்தூளா? சிலந்திதான். இப்படித்தான் ஏமாற்றும், ஒன்றுமில்லாததை எல்லாம் காட்டும். சேஃப்டி மேடம் பயிற்சி வகுப்பில் என்னென்னவோ சொன்னார், பாதி இவளுக்குப் புரியவில்லை, மீதியில் பாதி தூங்கிவிட்டாள். ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்க, முதலாளியே கூப்பிட்டாலும். அதைக் கேட்டதும் இவள் உடம்பில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. எழுந்திரிக்காதே என்று இதுவரைக்கும் இவளிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாப்பாட்டில் உட்கார்ந்து கைகழுவுகிற வரைக்கும் எழாமல் இருந்ததுண்டா? லோகா தண்ணி. லோகா ஊறுகாய். லோகா வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாரு. ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கிடக்கும். மாமியார் திட்டமாட்டாள், சிரிப்பாள், பொம்பளை பொச்சுல சக்கரம் இருக்கோணும் என்பாள். புருஷன் இருந்தார், அவ்வளவுதான், அவரும் ஒரு கூப்பிடுகிற குரல். பிறகு மில்லுக்கு வந்தால் மெஷின், அது உட்காரவே விடாது, அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடி ஓடிப் பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்தது, இவள் நின்றாள். டாக்டர் இனி மெஷின் பக்கம் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. இதுவும் போனால் மில்லில் இவளுக்கு வேறு வேலை இல்லை. இந்த மூச்சை வைத்துக்கொண்டு வெளியே யார் வேலை கொடுப்பார்கள்?

செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது, குழந்தைவேலு அண்ணன். பூஜைக்காகக் குளித்து, விபூதி பட்டை போட்டு, புது வேட்டியில் மணத்துக்கொண்டு வந்து நின்றார். “ஏம்மிணி, வரிசையில ஒண்ணு கொறையுதுன்னு நான் அங்க தேடிட்டிருக்கேன், நீ இங்க மடியில வெச்சுக் கொஞ்சிட்டிருக்கியா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “மடியில இல்லீங்ண்ணா, காலடியில” என்றாள். “சாமிக்கு வெச்சதைக் காலடியில வெச்சிருக்கேன்னு வேற சொல்றே. கொண்டா இங்க. முதலாளியம்மா வந்துட்டாங்க, வரிசையைப் பாத்துட்டு நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்குதேங்கறாங்க.” நடுவில் இல்லை, ஓரத்தில்தானே எடுத்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “இது பூஜைக்குப் போகோணும்னா எம்பட நேரமும் முடியோணுமுங்ண்ணா. அதுவரைக்கும் இது இங்கதான்.” அவர் முகம் மாறியது. “உன்ற நேரமா? யாரு குடுத்த நேரம் அது? வெல்டிங் ஆறிக் கல்லாட்டக் கிடக்குது. தொட்டுப் பாரு.” அவரே போய்த் தொட்டுக் காட்டினார். உண்மையிலேயே ஆறித்தான் இருந்தது. “பாத்தியா? கையில ஒட்டிக்கிச்சா? இத்தனை வருசத்துல எத்தனை வெல்டிங் வெச்சிருக்கோம், எது எரிஞ்சுது?” அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். தனக்கு இருப்பது எச்சரிக்கையா, வீம்பா? போன மாசம் கேண்டீனில் எல்லார் முன்னாலும் இவர், லோகநாயகி உக்காந்தே தேஞ்சு போயிருவா என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இன்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறதே, அதற்காகத்தான் இந்த முறுக்கா? அப்படியே இருக்கட்டும். வீம்புக்காகவாவது ஒருத்தி உட்கார்ந்திருக்கட்டும். “நீங்க போங்ண்ணா, தீபாராதனைக்கு நேரமாகுது” என்றாள். “மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடுவேன்.” “சொல்லுங்.” அவர் குனிந்து சிலிண்டர் கைப்பிடியைப் பிடித்தார். இவள் இரண்டு பாதத்தையும் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாள். செவ்வந்திப் பூவின்மேல், குங்குமத்தின்மேல். அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். இவளைப் பார்க்கவில்லை, பாதங்களைப் பார்த்தார். “நீ நல்லாயிருக்க மாட்டே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு காலைக் கீழே இறக்கி, குனிந்து, பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நல்லா இருந்தவர்கள் யார், கமலவேணி நல்லாத்தான் இருந்தாள். முன்னால் வேலை பார்த்த மில்லில் இவளுக்கு அடுத்த மெஷின். அவள் தொடுக்கிற மல்லிகைச் சரம் மாதிரி யாரும் தொடுக்க மாட்டார்கள், இடைவெளியே தெரியாது. தினமும் இவள் பின்னலில் ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள். அங்கேயும் ஒரு மத்தியானம் கூரையில் வெல்டிங் வைத்தார்கள், முடிந்ததும் எல்லாரும் சாப்பிடப் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் நடந்தது. பஞ்சு பெட்ரோல் மாதிரி இல்லை, உடனே காட்டிக்கொடுக்காது, உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். இவள் அன்றைக்கு லீவு. கமலவேணி வெளியே வந்துவிட்டாள், உயிரோடுதான் வந்தாள். விரல்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. தன் முடியைத் தானே சீவ முடியாமல் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் போகும்போதெல்லாம் இவள் பூ வாங்கிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று கடைக்கு முன்னால் நின்று தவிப்பாள், கடைசியில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவாள். கமலவேணிக்கு அது தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டாள், ஏன்டி, என்னைப் பார்க்க வந்தா எனக்குப் பழமா, பூ ஆகாதா என்று. இவள் அழுதாள், அவள் அழவில்லை. தீயைப் பற்றி அவள் பேசவே மாட்டாள், ஒரே ஒருமுறைதான் சொன்னாள். முதல்ல நெருப்பே இல்லை லோகா, வாசனைதான். யாரோ பருத்திச் சேலையில இஸ்திரிப் பெட்டியை மறந்து வெச்ச மாதிரி. நான்கூட எவளோ துணி தேய்க்கிறான்னு நெனச்சேன். மில்லுக்குள்ள எவ துணி தேய்ப்பா? அந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் லோகநாயகிக்கு இப்போதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை வெல்டிங் வெச்சிருக்கோம், எது எரிஞ்சுதுன்னா கேக்கறீங்க குழந்தைவேலு அண்ணா? வாங்க, கூட்டிட்டுப் போறேன், கமலவேணி கையைப் பிடிச்சுப் பாத்துட்டுக் கேளுங்க. அவர் முன்னால் நின்றபோது இது வாயில் வரவில்லையே. எப்போதும் இப்படித்தான், ஆள் போன பிறகுதான் வார்த்தை வரும்.

போன் அடித்தது. மேனேஜர். எடுத்தால் கண் போனுக்குப் போகும், எடுக்காவிட்டால் வேலை போகும். கண்ணை மூலையிலேயே வைத்துக்கொண்டு காதில் மட்டும் வைத்தாள். “லோகநாயகி, முதலாளியம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. சின்ன விஷயத்தைப் பெருசாக்காதே. சிலிண்டரைக் கொண்டுவந்து வெச்சிட்டு, பூஜை முடிஞ்சதும் போய் உட்காரு. பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது?” நல்ல மனுஷர்தான். இவளுக்கு இந்த வேலையைக் கொடுத்ததே அவர்தான், ஒரு மணி நேரம் எழுந்திரிக்கக் கூடாது என்கிற விதியை நோட்டீஸ் பலகையில் ஒட்டினதும் அவர்தான். “சார், ஒண்ணும் ஆகாதுங்க சார். ஒண்ணும் ஆகலைன்னு பாக்கத்தானுங்களே என்னை உட்கார வெச்சிருக்கீங்க” என்றாள். அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் அலறியது. “கடைசியாச் சொல்றேன். கொண்டு வா. இல்லேன்னா உனக்காக நான் பேச முடியாது.” கட் ஆனது. போனை மடியில் போட்டாள். கொண்டுபோய் வைத்துவிடலாமா, பத்து நிமிஷம்தானே, ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம், அவர்களும் சந்தோஷப்படுவார்கள், பொங்கலும் சுண்டலும் சூடாகக் கொடுப்பார்கள், நாளைக்கும் நாற்காலி இருக்கும். எழுந்திரு லோகா. தண்ணி கொண்டா லோகா. அதே குரல்தான், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வருகிறதா போன் வழியாக வருகிறதா என்பதுதான் வித்தியாசம். இந்தக் குரலுக்கு எழுந்து எழுந்து ஆன மட்டும் போதும். நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேருந்து வளைவில் திரும்பும்போது பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஊதுபத்தி வாசனை, சாம்பிராணி வாசனை, நெய் வாசனை எல்லாம் காற்றில் வந்தன. சாம்பிராணிக்குக் கொஞ்சம் இருமல் வந்தது. இருமி முடித்து மூச்சை இழுத்தாள். சேலை தேய்க்கிற வாசனை.

இல்லை. நினைத்துக்கொண்டிருந்ததால் வருகிறது. மறுபடியும் இழுத்தாள். சாம்பிராணி. மறுபடியும். தேய்க்கிற வாசனை. மில்லுக்குள்ள எவ துணி தேய்ப்பா? எழுந்திரிக்க மாட்டேன் என்றவள் எழுந்துவிட்டாள், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கழிவுப் பஞ்சு அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே எல்லாம் வெள்ளையாக, அமைதியாக இருந்தது. புகை இல்லை, நெருப்பு இல்லை. துளை வழியாக வந்த உத்தரத்தின் முனைக்குக் கீழே, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் பஞ்சு அடைத்துக்கிடந்த சந்தில், தோசையின் நடுவில் முறுகல் படர்வது போலப் பழுப்பாக ஒரு வட்டம். பார்க்கப் பார்க்கப் பெருகியது, ஓசையே இல்லாமல். கூப்பிட்டாள், அண்ணா என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள், நாதஸ்வரம் அதை விழுங்கிவிட்டது. குழந்தைவேலுவுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. சரி. யாரும் வர வேண்டாம். சரத்தைப் பிய்த்தெறிந்து சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுத்துக் கைப்பிடியை அழுத்தினாள். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு வந்து சந்து, மூட்டை, சுவர், அவள் முகம், வாய், நெஞ்சு எல்லாவற்றிலும் படிந்தது. டாக்டர் எதிலிருந்தெல்லாம் தள்ளி இருக்கச் சொன்னாரோ அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போயிற்று. இருமிக்கொண்டே மூட்டையைச் சரித்தாள், சந்திலிருந்த பஞ்சைக் கால்களால் இழுத்து வெளியே சிமெண்ட் தரையில் தள்ளினாள், அறை வாசலில் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே கவிழ்த்து மிதித்தாள், கமலவேணிக்காக ஒரு மிதி, தட்டில் காய்ந்த சோற்றுக்காக ஒரு மிதி. குடத்தடியில் கிடந்த ஈரச் சாக்கைத் துளையில் அடைத்தாள். பழுப்பு நின்றுவிட்டது. நின்றுவிட்டதா? இங்கே நின்றது. உள்ளே வேறு எங்கே கனன்றுகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும், ஒரு மணி நேரம். கையில் இருப்பதோ காலி சிலிண்டர்.

ஓடினாள். ஓட முடியவில்லை, நெஞ்சு விசில் அடித்தது, வேகமாக நடந்தாள். பூஜைக் கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். தட்டில் கற்பூரம் சுற்றி வந்துகொண்டிருந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவதை முதலில் கண்ட ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. மணி நின்றது. லோகநாயகி யாரையும் பார்க்கவில்லை. காலி சிலிண்டரைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். இது வேலை செஞ்சிட்டு வந்திருக்குதும்மா என்று மனசுக்குள் சொன்னாள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிறகு பக்கத்தில் பொட்டும் பூவுமாக இருந்த இன்னொன்றைத் தூக்கினாள். அதன் சரம் அடுத்ததோடு சேர்ந்து வந்தது, பட்டென்று அறுத்தாள். குழந்தைவேலு அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தவர், அவள் புருவத்தில் படிந்த பொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “பஞ்சுல நெருப்புப் பிடிச்சிருச்சுங்ண்ணா. போய்த் தண்ணிப் பம்ப்பைப் போடுங்” என்றாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

மேனேஜர் அவள் காதுக்கருகே வந்தார். முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தார், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, மேனேஜரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“அணைஞ்சிடுச்சு இல்ல? அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்? இத்தனை பேர் முன்னால சாமி காரியத்துல… நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்.”

லோகநாயகி சிலிண்டரை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இருமல் வந்தது. வந்து முடிகிற வரைக்கும் நின்றாள். அவரையும் நிற்க வைத்தாள்.

“நாளைக்குத்தானுங்களே சார் வர வேண்டாங்கிறீங்க” என்றாள். “இன்னிக்கு எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்.”